வீட்டிலேயே துவைக்கத்தக்கது

கவாகுச்சி
ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். இங்கே இன்னும் வெயில். எழுதியாயிற்று.

கைபேசியில் என் எண்ணை நீ தடைசெய்துவிட்டாய் என்பது ஐந்தாவது முறை அழைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. தபால் துறையில் அந்த வசதி இன்னும் வரவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

ஓபோன் பண்டிகைக்கு, முன்னோரைக் கும்பிட ஊருக்கு வந்தபோது, அம்மாவின் படத்துக்கு முன்னால், சித்தப்பா குடும்பம் மொத்தமும் தர்ப்பூசணி தின்றுகொண்டிருக்கையில், "ஆயுசு முழுக்க அந்தச் சலவை மருந்து வாடையோட என்னால இருக்க முடியாது, என்னை யாரும் பார்த்துக்க வேணாம்" என்று சொன்னவள் நான்தான். மறுக்கவில்லை. ஆனால் நான் யூஜியை விட்டுப் பிரிந்த மறுவாரமே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கடை மாடியறையைக் காலி செய்து, ரியோவுக்கு அங்கே மூன்றாம் வகுப்பில் இடமும் பேசி வைத்தவள் நீ. அதை நீயும் மறுக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வீட்டு வெந்நீர்க் கருவிகளின் உத்தரவாத அட்டைகளைச் சரிபார்க்கும் அலுவலகம். செப்டம்பர் 2 முதல் நவம்பர் இறுதிவரை சோதனைக் காலம். என்னோடு தோகிதா என்று இன்னொரு பெண்ணையும் எடுத்திருக்கிறார்கள். இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தர வேலைச் சான்றிதழ் இருந்தால் இந்த வீட்டை என் பெயரிலேயே நீட்டித்துத் தருவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். இல்லாவிட்டால் டிசம்பரில் உன் மாடியறைதான்.

இப்போது சிக்கல் உடையில் வந்து நிற்கிறது. அறிவிப்பில் "உடை: கட்டுப்பாடு இல்லை. பொது அறிவுக்கு ஏற்ப வரவும்" என்று போட்டிருந்தது. நேர்முகத்தில் கேட்டேன்.

"அப்படின்னா எந்த மாதிரி உடைங்க?"

"சாதாரணமா வாங்க. எல்லாரும் வர்ற மாதிரி."

"எல்லாரும் எப்படி வருவாங்க?"

"சாதாரணமாத்தான்."

எனக்குப் பள்ளியில் சீருடை, கடன் சங்கத்தில் வேலை பார்த்தபோதும் சீருடை, அதன்பின் ஒன்பது வருடம் ஏப்ரன். சாதாரணம் என்பதை நான் அணிந்ததே இல்லை. இங்கே சலவைக்கடை ஏழு மணிக்கு மூடுகிறது. நான் வீடு வந்து சேர ஏழு இருபது ஆகும். ஆகவே வீட்டில் துவைக்க வேண்டும், இஸ்திரி கேட்கக் கூடாது, மலிவாகத் தெரியக் கூடாது, இலையுதிர்காலத்துக்குப் பொருந்த வேண்டும். முதல் முயற்சியாகக் கஷ்கொட்டை நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கித் துவைத்தேன். அது இப்போது ரியோவுக்குக் கச்சிதமாக இருக்கிறது. "எனக்குத்தான் வாங்கினேன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்கிறாள்.

சலவைக்காரியிடம் போய், சலவைக்காரியே தேவைப்படாத உடை எது என்று கேட்கிறேன். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மதோகா

•

சகாதா
ஆகஸ்ட் 25

மதோகாவுக்கு,

இங்கேயும் வெயில்.

துணியின் உள்பக்கம் தைத்திருக்கும் அடையாளத் துண்டில் தொட்டிப் படத்துக்குள் ஒரு கை இருந்தால், கையால் துவை என்று பொருள். அந்தக் கை உன்னுடையது. இயந்திரத்துக்குக் கை கிடையாது. இந்த ஒரு படத்தை நாட்டு மக்கள் சரியாகப் படிக்காததால்தான் முப்பது வருடமாக நம் கடை ஓடுகிறது. ஆகவே நான் இப்போது எழுதுவது தொழில் துரோகம்.

துணி பாலியெஸ்டராக இருக்கட்டும், ஆனால் பளபளப்பு கூடாது. விரலால் பத்து முறை தேய்த்துப் பார். உருண்டை திரண்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வா. வெளித்துணியைத் துவைக்கலாம் என்று எழுதி, உள்துணியைப் பற்றி மூச்சு விடாத ஜாக்கெட்டுகள் உண்டு. அவை துவைத்ததும் உள்ளே சுருங்கி, வெளியே பை போலத் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு வருபவர்களைக் கடையில் பார்த்திருக்கிறேன். தங்கள் தோள்தான் இளைத்துவிட்டது என்று சொல்வார்கள். மடிப்புப் பாவாடை வேண்டாம். கறுப்பு வேண்டாம், யாருக்குச் சாவு என்று கேட்பார்கள். செப்டம்பர் முழுக்க நிறம் இலையுதிர்காலத்தினுடையதாகவும் துணி கோடையினுடையதாகவும் இருக்க வேண்டும். வெயில் முப்பத்து மூன்று டிகிரி என்பது அலுவலகத்துக்குப் பொருட்டல்ல. அங்கே காலண்டர் என்ன சொல்கிறதோ அதுதான்.

உன்னால் வாங்க முடியாது என்று தெரிந்ததால் மொத்தக் கடைக்காரரிடம் சொல்லி நானே எடுத்துவிட்டேன். பெட்டியில் கருநீல ஜாக்கெட் ஒன்று, காற்சட்டை இரண்டு (சாம்பல், பாசிப்பச்சை), மேற்சட்டை மூன்று. இடைவெளியில் அவரைக்காய் நிரப்பியிருக்கிறேன், ரியோவுக்கு. ஜாக்கெட்டைப் பொத்தானிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வலைப்பையில் போட்டு, மெதுவான சுற்றில் துவை. பிழியாதே. தடித்த ஹேங்கரில் மாட்டி, ஈரத்தோடு கையால் தட்டி இழு. இஸ்திரி வேண்டியிருக்காது.

மாடியறையில் வேறு எதையும் வைக்கவில்லை. டிசம்பரில் குளிருமென்று ஹீட்டரைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன்.

சதோமி

•

கவாகுச்சி
செப்டம்பர் 24

அக்காவுக்கு,

இங்கே பகலில் வெயில், காலையில் காற்று. அலுவலகத்துக்குள் ஜனவரி.

பெட்டி வந்தது. நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்: நன்றி. அளவு எப்படி இவ்வளவு சரியாக இருந்தது என்று யோசித்தேன். ஓபோனில் என்னைத் திட்டிக்கொண்டே அளவும் எடுத்திருக்கிறாய்.

ஜாக்கெட்டை மூன்று வாரத்தில் நான்கு முறை துவைத்தாயிற்று. நீ எழுதியபடியே செய்தேன். சுருக்கமில்லை. முதுகுப்பக்கம் அடியில் இருக்கும் பிளவில் சின்னதாக வெள்ளை நூலில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறதே, அதுகூட அசையவில்லை. புதையல் வரைபடத்தில் போடும் குறி மாதிரி இருக்கிறது என்கிறாள் ரியோ. எனக்கும் பிடித்திருக்கிறது. விலையுயர்ந்த பிராண்டுகள் இப்படித்தான் அடக்கமாக ஓர் அடையாளம் வைப்பார்கள் போலும்.

அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டுகிறார்கள். பிரிவுத் தலைவி குசே மேடம் ஐம்பத்தைந்து வயதுக்காரர், இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி. அவர் வாயிலிருந்து சொல் விழுவது அபூர்வம். அவரே போன வாரம் என் பின்னால் நடந்து வந்தவர், "மதோகா, நீங்க எப்பவும் இப்பத்தான் கடையிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கீங்க" என்றார். பக்கத்து மேசை மிசுசாவா, "பின்னாடி..." என்று ஆரம்பித்து, "ஒண்ணுமில்லீங்க, ரொம்பப் புதுசா இருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றாள்.

தோகிதாவின் நிலைமை பாவம். இருபத்தேழு வயது, என்னைவிட வேகம், ஆனால் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள். "தோகிதா, காலர் மடிஞ்சிருக்கு. தோகிதா, இங்க செருப்புச் சத்தம் கேக்கக் கூடாது. தோகிதா, அந்த நெயில் பாலிஷோட வாடிக்கையாளர் முன்னாடி போகாதீங்க." என்னை இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. அதனால் ஹீட்டருக்கு நீ செய்த செலவு வீணாகப் போகலாம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மதோகா

•

சகாதா
அக்டோபர் 3

மதோகாவுக்கு,

கடையில் மூச்சுவிட நேரமில்லை. அக்டோபர் ஒன்றாம் தேதி, குளிர்கால உடைக்கு மாறும் நாளென்று, ஊர் முழுக்க ஒரே நாளில் கோடைத்துணியைக் கழற்றி என் மேசையில் போட்டுவிட்டது. வெளியே இருபத்தெட்டு டிகிரி. வங்கி மேலாளர் குளிர்கால சூட்டில் வியர்த்துக்கொண்டு வந்து, கோடைகால சூட்டில் வியர்வைக்கறை போகுமா என்று கேட்கிறார்.

வலைப்பையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. அதில் இரண்டு வகை. கண் பெரிதாக இருப்பது அழுக்குப் போக, கண் சிறிதாக இருப்பது துணி தேயாமல் இருக்க. ஜாக்கெட்டுக்குச் சிறியது. பையும் அளவாக இருக்க வேண்டும். பெரிய பைக்குள் துணி புரண்டால் பை போட்டும் பயனில்லை. ஜிப்பின் முனையை அதற்கென்று இருக்கும் ரப்பர் மூடிக்குள் செருகு. மேற்சட்டைகளைத் தனிப்பையில் போடு. மாதம் ஒருமுறை துவைக்கும் இயந்திரத்தின் தொட்டியையே கழுவ வேண்டும்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். வாடிக்கையாளர் வந்துவிட்டார்.

சதோமி

•

கவாகுச்சி
அக்டோபர் 20

அக்காவுக்கு,

வலைப்பையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய உனக்கு, நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க ஒரு வரி இடமில்லை. இருக்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன்.

போன சனிக்கிழமை துவைத்தபோது அந்தப் பெருக்கல் குறியில் ஒரு கோடு அறுந்துவிட்டது. பதறிப்போனேன். ஒரு கோட்டோடு போனால் பொத்தான் விழுந்த சட்டை மாதிரி இருக்காதா? ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடைகடையாக அலைந்து அதே தடிமனில் வெள்ளை நூல் வாங்கி வந்து, அளவுகோல் வைத்து அதே கோணத்தில் தைத்தேன். மூன்று முறை பிரித்துத் தைத்த பிறகு சரியாக வந்தது. நீ பார்த்திருந்தால் மெச்சியிருப்பாய். அசலைவிட உறுதியாக இருக்கிறது. இனி எத்தனை துவைத்தாலும் போகாது.

திங்கட்கிழமை குசே மேடம் என் பின்னால் வெகுநேரம் நின்றார். "நீங்களே தைப்பீங்களா?" என்று கேட்டார். "கொஞ்சம் தைப்பேங்க" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "அப்படியா"வில் மரியாதை இருந்தது.

தோகிதாவுக்கு அன்றும் திட்டு. காற்சட்டையில் பூனை முடியாம்.

நவம்பர் 25, திங்கட்கிழமை நேர்முகம். அன்றைக்கும் இந்த ஜாக்கெட்தான்.

மதோகா

•

சகாதா
நவம்பர் 6

மதோகாவுக்கு,

மழை. குளிர் ஆரம்பித்துவிட்டது.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன்.

பாராட்டை நம்பாதே. திட்டு வாங்குகிறவளைப் பார்த்து இரக்கப்படுகிறாயே, எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் கடையிலும் ஊருக்குப் புதிதாக வந்தவர்களிடம் நான் "அழகான துணி" என்றுதான் சொல்வேன். பழகியவர்களிடம்தான் "ஏங்க, இதைப் போயி வாங்கினீங்களா?" என்பேன்.

மாடியறை ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுத்திருக்கிறேன். ரியோவுக்கு என்ன நிறம் பிடிக்கும்?

சதோமி

•

கவாகுச்சி
நவம்பர் 12

அக்காவுக்கு,

நிறம் சொல்ல மாட்டேன்.

எட்டாம் தேதி தோகிதா வேலையை விட்டுவிட்டாள். வேறு இடத்தில் கூப்பிட்டார்களாம். போகும்போது அலுவலகமே எழுந்து நின்றது. குசே மேடத்தின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் மட்டும் மீதி. மகிழ வேண்டிய நேரத்தில் உன் கடிதம் வந்தது, பாராட்டை நம்பாதே என்று.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். நான் இதில் தோற்க வேண்டும் என்று நினைக்கிறாயா? திரைச்சீலைக்கு அளவெடுக்கிறாய், ஹீட்டரைப் பழுது பார்க்கிறாய். நான் வேலைக்குப் போகும் ஒவ்வொரு வாரமும் அந்த அறை இன்னும் கொஞ்சம் வசதியாகிக்கொண்டே போகிறது. போன முறை "இன்னொன்றும் எழுத நினைத்தேன்" என்றாய். அது என்ன? வாடிக்கையாளர் இன்னும் போகவில்லையா?

இருபத்தைந்தாம் தேதிவரை எனக்கு எழுதாதே. அதற்கு முன் எதையும் நான் படிக்க விரும்பவில்லை.

மதோகா

•

சகாதா
நவம்பர் 21
விரைவுத் தபால்

மதோகாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். திங்கட்கிழமைக்கு முன் படி.

அந்தப் பெருக்கல் குறியை வெட்டிவிடு. அது பிராண்டின் அடையாளம் இல்லை. கடையில் மாட்டியிருக்கும்போது பிளவு விரிந்து துணி உருக்குலையாமல் இருப்பதற்காகப் போடும் தற்காலிகத் தையல். வாங்கியவர் முதன்முறை அணியும் முன் வெட்டிவிட வேண்டும். அதோடு வெளியே போவதும், விலைச்சீட்டு தொங்கப் போவதும் ஒன்றுதான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. உனக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்றால், பள்ளிக்கூட விழாக் கோட்டிலிருந்து, வேலை தேடப் போன சூட், அம்மாவின் சாவுக்குப் போட்ட கறுப்பு உடை வரை, என் கத்தரிக்கோலைத் தாண்டாமல் எந்தப் புதுத் துணியும் உன் கைக்கு வந்ததில்லை. அப்படி ஒரு தையல் இருப்பதையே நீ பார்த்ததில்லை.

இந்த ஜாக்கெட்டை மடிக்கும்போதும் கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. "என்னை யாரும் பார்த்துக்க வேணாம்" என்று சித்தப்பா முன்னால் நீ சொன்னது காதில் விழுந்தது. சரி, இதையாவது அவளே வெட்டட்டும் என்று வைத்துவிட்டேன். அதுவரை அது வெறும் கோபம்.

செப்டம்பரில் நீ எழுதியபோது மூன்றாவது பத்தியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வலைப்பையைப் பற்றி எழுதினேன். அக்டோபரில் நீ அளவுகோல் வைத்துத் தைத்ததாக எழுதினாய். வாடிக்கையாளர் முன்னால் சிரித்துவிட்டேன். பிறகு பத்து நிமிடம் கடையை மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அப்போதும் சொல்லவில்லை. ஜன்னலை அளந்தேன்.

நேராகப் பதில் சொல்லச் சொன்னாய். நீ தோற்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீ திரும்பி வர வேண்டும் என்று தினமும் நினைத்தேன். இவை இரண்டும் வேறுவேறு என்றுதான் இந்த வரியை எழுதத் தொடங்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சின்னக் கத்தரிக்கோலின் முனையால் நடுவில் வெட்டி, உள்பக்கத்திலிருந்து இழு. வெளியிலிருந்து இழுத்தால் துணி பிரியும்.

சதோமி

•

கவாகுச்சி
நவம்பர் 26

அக்காவுக்கு,

உன் விரைவுத் தபால் சனிக்கிழமை மாலையே வந்துவிட்டது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டிவிட்டேன், நேர்முகம் முடிந்து படிக்கலாமென்று. ரியோ இரண்டு நாளும் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் "பெரியம்மா என்ன சொல்றாங்களாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வலைப்பையைப் பத்தியா இருக்கும்" என்றேன்.

ஆகவே பெருக்கல் குறியோடுதான் போனேன்.

குசே மேடமும், முதலில் என்னை நேர்முகம் செய்த அந்தச் சாதாரண மனிதரும் இருந்தார்கள். இருபது நிமிடம். அட்டைகளைப் பற்றிக் கேட்டார்கள், ரியோவுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டார்கள். முடிவு பிறகு தெரிவிப்பதாகச் சொன்னார்கள். எழுந்து, குனிந்து வணங்கி, கதவுப் பக்கம் திரும்பினேன். இருவரும் எதைப் பார்க்கிறார்கள் என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் குசே மேடம். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. "அசையாதீங்க. இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பிராண்டுங்க" என்றேன்.

அந்த மனிதர் இருமினார். குசே மேடம் சிரிக்கவில்லை. என் பின்னால் மண்டியிட்டு, விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் என் காது கொதித்துவிட்டது. பன்னிரண்டு வாரம், அக்கா. நாற்பது பேர்.

"முதல் நாளே ஏன் யாரும் சொல்லலீங்க?"

"செப்டம்பர்ல மூணு பேர் உக்காந்து பேசினோம், யார் சொல்றதுன்னு. முடிவாகல. அப்புறம் அறுந்ததை நீங்களே திரும்பத் தைச்சுட்டு வந்தீங்க. ஏதோ கொள்கைன்னு நெனச்சோம்."

"தோகிதா கிட்ட மட்டும் தினமும் சொன்னீங்களே?"

"அவங்க இருப்பாங்கன்னு நெனச்சோம். நீங்க போயிடுவீங்கன்னு நெனச்சோம். போகப்போறவங்களை எதுக்குச் சங்கடப்படுத்தறது?" நூல் அறுபடவில்லை. என் தையல் அவ்வளவு உறுதி. "ரெண்டு கணிப்பும் தப்பாப் போச்சு. மூணு மாசத்துல உங்க கையிலேர்ந்து ஒரு அட்டைகூடத் தப்பாப் போகல."

"அப்ப நான்..."

"அதான் கத்தரிக்கோல் எடுத்திருக்கேனே. ஆடாம நில்லுங்க. அப்புறம், இந்தக் காற்சட்டை உங்களுக்கு நீளம். ஒரு அங்குலம் மடிச்சுத் தைங்க."

உள்பக்கத்திலிருந்துதான் இழுத்தார்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் படித்தேன். மூன்று முறை படித்தேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். குசே மேடம் யாரோ. அவர் சங்கடத்துக்கு அஞ்சிச் சொல்லவில்லை. நீ என் அக்கா. உனக்குச் சங்கடம் ஒன்றும் இல்லை. அதை நான் எங்கே கொண்டுபோய்த் துவைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்று மதியம் சான்றிதழ் கிடைத்தது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு கடைக்குப் போய் ஒரு கோட்டு வாங்கினேன். நானே தேர்ந்தெடுத்தேன், நானே விரலால் தேய்த்துப் பார்த்தேன். முழுக்கக் கம்பளி. அடையாளத் துண்டில் தொட்டிப் படத்தின்மேல் பெரிதாகக் குறுக்கே அடித்திருக்கிறது: வீட்டில் துவைக்கக் கூடாது. படித்துவிட்டுத்தான் வாங்கினேன். அதன் பின்பிளவிலும் வெள்ளை நூலில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. விற்பனைப் பெண், "வெட்டித் தரட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஊருக்கு வரும்வரை பழைய கோட்டிலேயே நடுங்கிக்கொண்டு போவேன்.

டிசம்பர் 29 காலை ரயிலில் வருகிறோம். ஜனவரி 3 திரும்பிவிடுவோம். ரியோவுக்கு மஞ்சள் பிடிக்கும்.

கத்தரிக்கோலை எடுத்து வை. நான் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ரியோ உன் பக்கத்தில் நின்று கவனமாகப் பார்ப்பாள்.

மதோகா